நின்ற தண்ணீரில் வீசிய யூரியா எங்கே போனது? சம்பா வயலில் தழைச்சத்து இழப்பு

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம், களிமண் வயல். குறுவை அறுத்த பிறகு வைக்கோலைக் கட்டு கட்டாமல் அப்படியே மடக்கி உழுது, சேறடித்து, சம்பா நட்டோம். பயிர் முதலில் பச்சை பிடித்து நன்றாகத்தான் வந்தது. அப்புறம் வெளுக்க ஆரம்பித்தது. மேலுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, வயலில் தண்ணீர் நின்றபடியே, உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் வீசினோம். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான். சில நாள் தெளிந்த மாதிரி இருந்து, மறுபடியும் அதே வெளுப்பு.

பக்கத்து வயல்காரர் என்னைவிடக் குறைவாகத்தான் போட்டார். வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டார். அவர் பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. உரக்கடையில் இன்னொரு மூட்டையும் அதோடு ஒரு நுண்ணூட்டப் பையும் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால், முதல் மூட்டை மண்ணில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைமடை எழுதியது:

அண்ணே, முதலில் ஒன்று பாருங்கள். எந்த இலை வெளுக்கிறது? அடியில் இருக்கும் பழைய இலை நுனியிலிருந்து மஞ்சளாகி மேலே ஏறினால் தழைச்சத்துக் குறை. குருத்து இலை வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் கந்தகமோ இரும்போ குறைவு. இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வந்து, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் துத்தநாகம். இது தெரியாமல் கடைக்காரர் கொடுக்கும் பையை வாங்க வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அடி இலைதான் முதலில். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்குகிறது. குருத்து வெளிர் பச்சை, ஆனால் மஞ்சள் இல்லை. துருப்புள்ளி எதுவும் இல்லை. வயல் முழுக்க ஒரே சீராக வெளுப்பு.

மண்ணியல் மாணவி எழுதியது:

அப்படியானால் தழைச்சத்துதான் ஐயா. நீங்கள் போட்ட மூட்டையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தழைச்சத்து என்பது நைட்ரஜன்தான். 45 கிலோ மூட்டையில் அது 46 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. ஆனால் யூரியாவாக இருக்கும்போது அதைப் பயிர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, முதலில் அது உடைய வேண்டும். உடைப்பது யூரியேஸ் என்ற நொதி. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சுரக்கின்றன, செத்த பயிர்த் தாளிலும் பாசியிலும்கூட அது இருக்கிறது. 1926ல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வகை வாளவரை விதையிலிருந்து இந்த நொதியைத்தான் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகத்தில் படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுதான், 1946ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் வயலில் அது பாசி படிந்த சேற்றின் மேற்பரப்பில் நிறைய இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் யூரியா உடைந்து முடியச் சில நாட்களே போதும்.

உடைந்தால் வருவது அம்மோனியமும் கார்பனேட்டும். இந்தக் கார்பனேட் சுற்றியுள்ள நீரைக் காரமாக்குகிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அம்மோனியம் நேர்மின் ஏற்றம் கொண்டது, களிமண் துகள் எதிர்மின் ஏற்றம் கொண்டது. இரண்டும் சேர்ந்துவிட்டால் அம்மோனியம் பத்திரமாக மண்ணோடு ஒட்டியிருக்கும், வேர் எடுத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் வீசிய யூரியா மண்ணுக்குள் போவதற்கு முன்னால் மேலே நிற்கும் தண்ணீரிலேயே கரைந்து உடைந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் அம்மோனியம் ஒரு பங்கு, வாயுவாகிப் பறக்கக்கூடிய அம்மோனியா ஒரு பங்கு என்று இருக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு; எண் ஏற ஏறக் காரம் அதிகம். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 9.25 இருந்தால் இரண்டும் சரிபாதி. 8.25 என்றால் அம்மோனியா பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 7.25 என்றால் நூற்றில் ஒன்று. தண்ணீர் சூடாக இருந்தால் அம்மோனியாவின் பங்கு இன்னும் கூடும்.

இப்போது உங்கள் வயலில் நடுப்பகலை நினைத்துப் பாருங்கள். இளம் பயிர், நிழல் விழவில்லை, தண்ணீரில் பாசி. பாசி வெயிலில் உணவு தயாரிக்கும்போது நீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. அந்த அமிலம் போனதும் பி.எச். ஏறுகிறது. நடுப்பகலிலும் பிற்பகலிலும் 9ஐத் தாண்டுவது நெல் வயலில் சாதாரணம். இரவில் பாசியும் மண்ணும் மூச்சுவிட, கரியமில வாயு திரும்பச் சேர்ந்து பி.எச். இறங்கிவிடும். நீங்கள் வீசிய அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நடுப்பகல்களிலும் அம்மோனியா காற்றில் போயிருக்கும். நெல்லில் போடும் யூரியாவில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குள் போகிறது என்று பல நாட்டுச் சோதனைகளிலும் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று, வேப்பெண்ணெய் பூச்சைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 2015லிருந்து நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும். அம்மோனியம் பிறகு மண்ணில் நைட்ரேட் என்ற இன்னொரு வடிவமாக மாறும், அந்த மாற்றத்தைப் பூச்சு ஓரளவு தாமதப்படுத்தும். ஆனால் யூரியேஸ் செய்யும் வேலையைப் பெரிதாகத் தடுக்காது. ஆகவே நின்ற தண்ணீரில் நடுப்பகலில் வீசினால் அம்மோனியா பறப்பதை வேப்பெண்ணெய் காப்பாற்றாது.

தக்கைப்பூண்டு எழுதியது:

தங்கை சொல்வதெல்லாம் சரி. ஆனால் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேராத ஒரு பொருளை ஏன் போட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நான் பல ஆண்டுகளாகத் தக்கைப்பூண்டு என்ற தழையுரச் செடியை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறேன். கொளுஞ்சியும் போடுவேன். பயிர் வெளுப்பதே இல்லை. இயற்கையாக வரும் தழைச்சத்து வேறு, மூட்டையில் வருவது வேறு. ஒன்று உணவு, மற்றது போதை.

மண்ணியல் மாணவி எழுதியது:

அண்ணா, உங்கள் வயலைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டும் வேறு என்பதை ஏற்க முடியவில்லை. தக்கைப்பூண்டின் இலையில் இருக்கும் புரதத்தை மண் நுண்ணுயிர்கள் முதலில் அமினோ அமிலமாக உடைக்கின்றன, அதிலிருந்து அம்மோனியம் வருகிறது. நெல் வேர் முக்கியமாக எடுப்பது அந்த அம்மோனியத்தைத்தான். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வேறுபடுவது வேகமும் இடமும். தழையுரம் சேற்றுக்குள் புதைந்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. யூரியா மேலே கிடந்து சில நாளில் மொத்தமாக உடைகிறது. உங்கள் பயிர் வெளுக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்கம் இன்னொரு பெரிய நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் ஊரில் சொல்வோம். கோடையில் உழுது காயப்போட்ட மண்ணில் மழை விழுந்தால், மண் காய்ந்ததில் செத்த நுண்ணுயிர்களும் வெளிப்பட்ட மட்கும் ஒரே மூச்சில் உடைந்து தழைச்சத்து வெள்ளமாக வரும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை விரிவாக ஆராய்ந்து 1958ல் எழுதிய பர்ச் என்பவரின் பெயரால் இதை 'பர்ச் விளைவு' என்கிறார்கள். அந்தத் தழைச்சத்து காற்றோட்டமான மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தேங்கும். மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் கட்டியதும், அந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும். இடையில் தக்கைப்பூண்டு இருந்தால்? கோடை மழையில் முளைத்து, அந்த நைட்ரேட்டை உறிஞ்சித் தன் உடலில் வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் மடக்கி உழும்போது திரும்பக் கொடுக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தை வேர் முடிச்சு பிடித்துக் கொடுப்பது ஒரு பக்கம், மண்ணில் இருப்பதை இழக்காமல் காப்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

தக்கைப்பூண்டு எழுதியது:

இரண்டாவது விஷயம் எனக்குப் புதிது. முதல் மழைக்கே விதைத்தால் தழை நன்றாக வருவதும், தள்ளி விதைத்தால் மெலிந்து போவதும் கண்ணால் பார்த்தது. காரணம் ஈரம் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

சரி, தண்ணீர் கட்டியதும் நைட்ரேட் வாயுவாகிவிடும் என்றாயே, அது எப்படி?

ஆய்வுக்கூடம் எழுதியது:

அதை நான் சொல்கிறேன். மண் பரிசோதனை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

நீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் ஒரு நாள் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுவிட வேண்டிய நிலையில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டு வெளியேறும். நைட்ரேட் வடிவ உரத்தை நெல்லுக்கு அடியுரமாகப் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

நீர் நிற்கும் வயலிலும் மேல்மண்ணில் மெல்லிய ஒரு படலம், சில மில்லிமீட்டர் கனம், தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் பெற்றுச் செம்பழுப்பாக இருக்கும். அதன் கீழே சாம்பல் கலந்த கருநிறம். கால் வைத்த தடத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். மேல் படலத்தில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது, அது கீழே இறங்கியதும் வாயுவாகிறது. ஜப்பானில் ஷியோயிரி போன்ற மண்ணியலாளர்கள் இதைக் கண்டுபிடித்துத்தான், உரத்தை மேலே தூவாமல் சேற்றோடு கலந்து அடியில் வைக்கச் சொன்னார்கள்.

நைட்ரேட் ஆவது நுண்ணுயிரின் வேலை என்று நிரூபித்த கதையும் நன்றாக இருக்கும். 1877ல் பிரான்சில் ஷ்லோசிங், மன்ட்ஸ் என்ற இருவர் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாய் வழியே மெதுவாக விட்டார்கள். அம்மோனியா நைட்ரேட்டாகி வெளிவந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுவிட்டது. புதிய மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. அதுவரை பலரும் இதை வெறும் வேதிவினை என்றே நினைத்திருந்தார்கள்.

இப்போது வெண்ணாற்றங்கரைக்கு. உங்கள் வைக்கோலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஒரு டன் வைக்கோலில் கரிமம் சுமார் 400 கிலோ, நைட்ரஜன் 6 கிலோ போல இருக்கும். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களின் உடலில் கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 8க்கு 1. வைக்கோலில் இருக்கும் 6 கிலோ அவற்றுக்குப் போதாது. மீதியை மண்ணிலிருந்து, அதாவது நீங்கள் போட்ட யூரியாவிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்றுள்ள மண்ணில் ஒரு டன்னுக்கு 10 கிலோ வரைகூட இப்படிப் பிடிபடலாம். நீர் நிற்கும் சேற்றில் நுண்ணுயிர்கள் மந்தமாக வளர்வதால் இந்தப் பிடிப்பு குறைவு, ஆனாலும் உண்டு. பக்கத்து வயல்காரரின் பயிர் கறுத்து நிற்பதற்கு இது பாதிக் காரணமாவது இருக்கும்.

இந்தப் பங்கு தொலைந்து போகவில்லை. வைக்கோல் மட்கியதும் நுண்ணுயிர்கள் செத்து உடைந்து அம்மோனியமாகத் திரும்பி வரும். ஆகவே பதறி இரண்டு மூட்டை போட்டால், பின்பருவத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பயிர் தழைத்துச் சாயும், இலைசுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும். அடுத்த முறை வைக்கோலை மடக்கி உழுதால், நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் உழுதுவிடுங்கள்.

செம்மண் தோட்டம் எழுதியது:

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கத்திலிருந்து. எங்களுக்குக் கதை வேறு. செம்மண், மணல் அதிகம், மண்ணில் பிடிமானம் இல்லை. இங்கே அம்மோனியம் சீக்கிரம் நைட்ரேட்டாகிவிடுகிறது. நைட்ரேட் எதிர்மின் ஏற்றம் கொண்டது, மண் அதைப் பிடித்து வைக்காது, பாய்ச்சும் தண்ணீரோடு இறங்கிவிடும். எங்கள் பகுதிக் கிணற்றைச் சோதித்தபோது குடிநீருக்கு அனுமதித்த அளவான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. உரக் காசு போவதுகூடப் பரவாயில்லை, இது மனதை உறுத்துகிறது. இப்போது சொட்டுநீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறோம்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாணவி சொன்னதைச் சோதித்துப் பார்க்க, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரிடம் பி.எச். தாள் வாங்கி வயல் தண்ணீரில் நனைத்தேன். விடியலில் 7க்கும் 8க்கும் நடுவில் ஒரு நிறம். பிற்பகலில் அதே இடத்தில் 9ஐத் தாண்டிய நிறம். வாய்க்காலில் வரும் தண்ணீர் அப்படி மாறவில்லை. வயலில் பாசி பச்சைப் பசேல் என்று படர்ந்திருக்கிறது.

இன்னொரு சந்தேகம். என் மண் வள அட்டையில் தழைச்சத்து 'குறைவு' என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்து வயலுக்கும் அதேதான். அப்படியானால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

ஆய்வுக்கூடம் எழுதியது:

நல்ல கேள்வி. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது 1956ல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட முறை. மண்ணோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் காரமும் சேர்த்துக் காய்ச்சுவோம். எளிதில் உடையக்கூடிய கரிமத் தழைச்சத்து அம்மோனியாவாகி ஆவியாக வரும், அதைப் போரிக் அமிலத்தில் பிடித்து அளப்போம். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே வந்தால் 'குறைவு'. வெப்பம் மிகுந்த நம் மண்ணில் மட்கு சீக்கிரம் எரிந்துவிடுவதால் பெரும்பாலான வயல்களுக்கு அந்த வார்த்தைதான் வரும்.

ஆக, வயலில் மாதக்கணக்கில் நுண்ணுயிர் செய்வதை நாங்கள் குடுவையில் வேதிப்பொருளால் வேகமாகச் செய்து பார்க்கிறோம். மண் எவ்வளவு கொடுக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. இன்று உங்கள் சேற்றில் எவ்வளவு அம்மோனியம் இருக்கிறது என்பதை அது சொல்லாது, நைட்ரேட்டையும் அளக்காது. இன்றைய நிலைக்குப் பயிரைத்தான் கேட்க வேண்டும். இலை வண்ண அட்டை வைத்துப் பாருங்கள். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் நேரே படாமல் உங்கள் உடல் நிழலில், நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் பச்சை நிறங்களுக்கு எண் போட்டிருக்கும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால்தான் உரம்.

கடைமடை எழுதியது:

எங்களுக்கு முறைத் தண்ணீர். தண்ணீர் வரும், நிற்கும், காயும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீர் மிச்சம், சேற்றிலிருந்து வரும் மீத்தேன் வாயுவும் குறையும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடம் ஐயா சொன்னதைப் பார்த்தால், காயும்போது நைட்ரேட் ஆகி, பாயும்போது வாயுவாகிப் போகுமே? எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?

மண்ணியல் மாணவி எழுதியது:

உங்கள் கணக்கு சரிதான் அண்ணா. அப்படிப் போகும்போது நைட்ரஸ் ஆக்சைடும் கூடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், ஓசோனையும் சிதைக்கும். மீத்தேன் குறைகிறது என்று மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் உரம் போடும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றினால் உங்கள் முறைத் தண்ணீரே உதவியாகும். வயல் காய்ந்து, மேலே நீர் இல்லாமல், மண் ஈரமாக மட்டும் இருக்கும்போது, தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் யூரியாவைப் போடுங்கள். யூரியாவுக்கு மின் ஏற்றம் கிடையாது, வரும் தண்ணீரோடு அது மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் உடைந்தால் அம்மோனியத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும், பாசிக்கும் வெயிலுக்கும் எட்டாது. அதன் பிறகு ஒரு வாரமாவது மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பயிர் பெரும்பகுதியை எடுத்துவிடும். வயல் காய்வது உரம் போடுவதற்கு முன்னால் நடக்கட்டும், போட்ட உடனே வேண்டாம். பெரிய வெடிப்பு விட்ட வயலில் இதைச் செய்யாதீர்கள், வெடிப்பு வழியே நேரே அடியில் போய்விடும்.

தக்கைப்பூண்டு எழுதியது:

குப்பியில் வரும் நானோ யூரியாத் திரவத்தை இலையில் தெளித்தால் இந்த ஆவியாதல், வாயுவாதல் எதுவும் இல்லை என்கிறார்களே?

ஆய்வுக்கூடம் எழுதியது:

முதலில் வந்த 500 மில்லி குப்பியில் நைட்ரஜன் 4 சதவீதம். மொத்த நைட்ரஜன் 20 கிராம். மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். இலை வழியாக ஒரு துளியும் வீணாகாமல் போனாலும் 20 கிராம் 20 கிராம்தான். ஒரு ஏக்கர் நெல் எடுக்க வேண்டிய தழைச்சத்துக்கு அது ஈடாகாது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இலை அட்டை வாங்கிப் பார்த்தேன். என் ரகத்துக்கு 4 இருக்க வேண்டும், பெரும்பாலான இலைகள் 3ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. ஆகவே உரம் தேவைதான், ஆனால் முழு மூட்டை போடப் போவதில்லை. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 கணக்கில் கலந்து ஓர் இரவு வைத்துப் போடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒன்று பார்த்தேன். அப்படிக் கலந்து, யூரியா மட்டும் அரை மூட்டை அளவு வருகிற மாதிரி போடலாமா? வடிகாலைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மாலையில் சேற்றின் மேல் போட்டு, மறுநாள் மடை திறக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் வானிலை அறிக்கை இரண்டு நாளில் கனமழை என்கிறது.

ஆய்வுக்கூடம் எழுதியது:

கலவை சரி, அளவும் சரி. வேப்பம் புண்ணாக்கு நைட்ரேட் ஆவதைத் தாமதப்படுத்தும், ஜிப்சம் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். மழைக்கு முன்னால் மட்டும் போடாதீர்கள். உடையாத யூரியாவை மண் பிடித்து வைக்காது, வரப்பு வழிந்தால் அதுவும் வழியும். மழை விட்டு, மிகைநீர் வடிந்து, சேறு மட்டும் இருக்கும் மாலையில் போடுங்கள். மேகமூட்டமான நாட்களில் பாசிக்கு வெயில் குறைவு என்பதால் அதுவும் உங்களுக்குச் சாதகம். கோனோவீடர் என்ற உருட்டும் களைக்கருவி இருந்தால் போட்ட கையோடு ஒரு முறை உருட்டிவிடுங்கள், உரம் சேற்றுக்குள் போய்விடும். அடுத்த வாரம் மறுபடி அட்டை பாருங்கள். 4க்கு வந்திருந்தால் மீதி அரை மூட்டையைக் கதிர் உருவாகும் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் பிடித்து வைத்ததும் அதற்குள் வர ஆரம்பித்திருக்கும்.

கடைமடை எழுதியது:

எங்களுக்கு வரும் செவ்வாய்க்கிழமை முறைத் தண்ணீர். திங்கள் மாலை ஈர மண்ணில் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மா நிலத்தில் மட்டும் பழையபடி நின்ற தண்ணீரில் போட்டு, இரண்டையும் இலை அட்டையில் ஒப்பிட்டு எழுதுகிறேன்.